விற்பனைக்கு இல்லாத டாய்லெட் பேப்பர்

வில்காராவில் இருப்பதே ஒரு கடை, அது ஏவிஸ் ஹான்ராட்டியின் கடை. அங்கே போய் வெறுங்கையோடு திரும்பியவர் இல்லை. ஆனால் வெள்ளம் வெளியூர்ச் சாலையை அறுத்துக்கொண்டு போன அந்த வாரம், பின்கட்டில் கூரை முட்ட டாய்லெட் பேப்பரை அடுக்கி வைத்துக்கொண்டே, சுரங்க முகாமிலிருந்து வந்த ஆளிடம் "விக்கிறதுக்கு இல்ல" என்று கூசாமல் சொன்னாள்.

கடைசியில் முகாம் மேலாளர் டார்சியே வந்துவிட்டான்.

"இருநூறு ஆம்பளைங்க, ஏவிஸ்! பழைய நியூஸ்பேப்பர்கூட தீந்துபோச்சு."

"அது பேப்பர் இல்ல தம்பி. எங்க ரன்வேயோட லைட்டு."

பொய்யில்லை. ராத்திரியில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போய் டாக்டர் விமானம் வந்தால், ஊரார் டப்பாக்களில் பேப்பர் உருளையை வைத்து, டீசலை ஊற்றி, ஓடுதளத்தின் இருபுறமும் கொளுத்தி வைப்பார்கள். போன வருஷம் அவள் புருஷன் ராய்க்கு நெஞ்சுவலி வந்தபோது, பாழாய்ப்போன காற்று அத்தனையையும் அணைத்துவிட்டது. விமானம் வட்டமடித்துவிட்டுத் திரும்பிப் போனது. விடியும்வரை அவன் தாக்குப்பிடித்தது வெறும் பிடிவாதத்தால். இன்னொரு தடவை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று பிடித்த பயம் ஏவிஸை விடவில்லை. சுரங்கக் கம்பெனியிடம் விளக்கு கேட்டாள். ஊருக்கு நல்லது செய்யத் துடித்த கம்பெனியோ, பெரிய இரும்பு ஈமு சிலை ஒன்றை நட்டுவைத்து, அதன் முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டது.

"லைட்டுன்னா பெர்த் ஹெட் ஆபீஸ்ல கேக்கணும். ஆறு மாசம் ஆகும்," என்றான் டார்சி.

"நிதானமாக் கேளு. அதுவரைக்கும் அந்த ஈமுவோட இறகைப் பிடுங்கித் தொடைச்சுக்கோங்க."

டார்சி தலையைச் சொறிந்தான். "எங்க முகாம்ல போடப்போற ரன்வேக்கு வாங்கின செட்டு ஒண்ணு கொட்டகையில சும்மா கிடக்கு. கடனா வேணா தரலாம்."

"அப்போ நானும் பேப்பரைக் கடனாவே தரேன். திருப்பிக் கேக்க மாட்டேன்."

மறுநாளே லாரியில் விளக்குகள் வந்து இறங்கின. சுரங்கத்து ஆட்களே ஓடி ஓடி நட்டார்கள். அவர்கள் அவ்வளவு வேகமாக வேலை செய்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. பொழுது சாய்ந்ததும் டார்சி சுவிட்சைப் போட்டான். செம்மண் ஓடுதளம் நெடுகிலும் வெளிச்சம். ராய் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போச்சு போ. இனிமே எனக்குச் சாகறதுக்கு ஒரு சாக்கும் இல்ல."

"வாயை மூடு, கிழவா," என்ற ஏவிஸ், அத்தனை பேர் முன்னாலும் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.