வால்தம்ஸ்டோவிலிருந்து தூந்திராவுக்கு: மீத்தேன் அளக்கப் போன ஆறு நாள்

லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் மண் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். நோர்வேயின் வடகிழக்கு மூலையில் உள்ள தூந்திரா நிலத்திலிருந்து எவ்வளவு மீத்தேனும் கரியமில வாயுவும் வெளியேறுகின்றன என்று ஆண்டுக்கு ஒருமுறை போய் அளக்கிறோம். சென்ற ஆகஸ்ட் கடைசி வாரம் மறுபடியும் என் முறை. கூட வரவேண்டியவர் புறப்படப் பத்து நாள் இருக்கும்போது கணுக்காலை முறித்துக்கொண்டார். அந்த நிலத்தில் தனியாக இறங்கக் காப்புறுதி விடாது. கார் ஓட்டவும் சுமை தூக்கவும் ஒருவர் வேண்டும்.

லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் தெருவிலேயே, மூன்று வீடு தள்ளிக் கிடைத்தார். ராசன் அண்ணைக்கு ஐம்பத்துநாலு வயது, எனக்கு ஏழு வயது மூப்பு. அப்டன் பார்க் கடைகளுக்குச் சொந்த வான் வண்டியில் மீனும் மரக்கறியும் கொண்டுபோய்க் கொடுப்பவர். யாழ்ப்பாணத்திலிருந்து அவர் முதலில் போனது நோர்வேக்கு. அங்கே மீன் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருடம் வேலை செய்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்தார். நான் இடத்தின் பெயரைச் சொன்னதும், "அது எங்கட பக்டரியிலயிருந்து இருபது நிமிச ஓட்டம். நான் வாறன்," என்றார்.

செவ்வாய் காலை 6.10க்கு அவருடைய தம்பி அந்த வான் வண்டியில் ஏற்றிப் போனார். நோர்த் சேர்குலர் நெடுஞ்சாலை வழியாக ஹீத்ரோ 38 கிலோமீட்டர், 7.35க்கு இறங்கினோம். ஒஸ்லோவுக்கு இரண்டு மணி பத்து நிமிடம். அங்கிருந்து கிர்கெனெஸுக்கு இன்னொரு விமானம், ஏறக்குறைய அதே நேரம். போய்வர ஆளுக்கு 318 பவுண், கருவிப் பெட்டிக்கு மேலும் 90. அன்றிரவு கிர்கெனெஸில் தங்கி, மறுநாள் காலை வாடகைக் காரில் 240 கிலோமீட்டர் ஓடினோம். மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போயின. அண்ணை வழியெல்லாம் எந்த வளைவில் யார் பனியில் சறுக்கினார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். துறைமுகம் தெரிந்ததும் காரின் வேகத்தைக் குறைத்தார்.

ஊரின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. ஆய்வு நடக்கும் நிலத்தைப் பார்க்க ஆட்கள் வந்து மிதித்தால் அளவு கெட்டுவிடும். எவ்வளவு கெடும் என்று இப்போது எனக்கு நன்றாகவே தெரியும்.

அளக்கும் முறை பெரிய வித்தை இல்லை. நிலத்தில் பன்னிரண்டு வளையங்கள் ஏற்கெனவே பதித்திருக்கிறோம். ஆறு உலர்ந்த மேட்டில், ஆறு ஈரப் பள்ளத்தில். வளையத்தின் மேல் அடியில்லாத பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே இருக்கும் காற்றைக் குழாய் வழியாகக் கருவிக்கு அனுப்பவேண்டும். ஐந்து நிமிடத்தில் வாயு எவ்வளவு கூடுகிறது என்பது திரையில் ஒரு கோடாக ஏறும். பள்ளத்தில் நிற்பதற்குப் பலகை போடவேண்டும் என்பது விதி. சென்ற ஆண்டுக் குறிப்பில் 'தரை உறுதி, பலகை தேவைப்படவில்லை' என்று நானே எழுதியிருந்தேன். அதனால் இம்முறை பலகைக்கு ஏற்பாடு செய்யவில்லை.

வியாழக்கிழமை பள்ளம் சென்ற ஆண்டைவிடத் தாழ்ந்திருந்தது. அடியில் உறைந்திருந்த பனி உருகி, நிலம் அமிழ்ந்து, பாசியின் மேல் தண்ணீர் நின்றது. மீத்தேன் கோடு செங்குத்தாக ஏறியது. அப்படி ஒரு எண்ணை நான் அங்கே பார்த்ததே இல்லை. என் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது; இது போதும், நீடித்துவிடும் என்று நினைத்தேன். அன்று மாலையே அந்தக் கோட்டின் படத்தை எங்கள் ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: திங்கட்கிழமை நிதி தருபவர்களின் கூட்டத்தில் இதைக் காட்டுகிறேன்.

வெள்ளி மதியம் நாலாவது ஈர வளையத்தில் நின்றபோது அண்ணை தயங்கித் தயங்கிக் கேட்டார். "தங்கச்சி, நான் கால் மாத்தி வைக்கேக்கை எல்லாம் உங்கட கோடு பாயுது. அது சரியோ?"

"நேற்றும் அப்பிடியோ அண்ணை?"

"ஓம். நேற்றும்தான். நீங்கள் சந்தோசமா நிண்டனீங்கள். அதாலை வாய் திறக்கேல்லை."

அவரை அசையாமல் நிற்கச் சொன்னேன். கோடு மெல்லச் சாய்ந்து ஏறியது. ஒரு காலை மட்டும் தூக்கி வைக்கச் சொன்னேன். பாசியிலிருந்து குமிழிகள் வந்தன, கோடு ஒரு படி தாவியது. மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் தாவியது. நிலம் விட்ட வாயுவோடு, நாங்கள் மிதித்துப் பிதுக்கிய வாயுவையும் சேர்த்து அளந்திருக்கிறோம்.

கருவியை அணைத்தேன். அண்ணை தேநீர் ஊற்றித் தந்தார். "சொல்லாமலும் விடலாம்தானே," என்றார். குறையாகச் சொல்லவில்லை, நான் என்ன செய்வேன் என்று தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"ஏலாது அண்ணை. அடுத்த வருசம் ஆரும் வந்து அளந்தால், மீத்தேன் குறைஞ்சுபோச்செண்டு எழுதுவினம்."

"அப்ப பலகைக்கு நான் வழி பாக்கிறன்."

காரில் திரும்பும்போது பேராசிரியருக்கு எழுதினேன்: 'ஈர வளைய எண்கள் பிழை. என் தவறு. கூட்டத்தில் காட்டவேண்டாம்.' இம்முறை பத்து நிமிடத்தில் பதில் வரவில்லை.

தொழிற்சாலையின் ஒரு பகுதி இன்னும் இயங்குகிறது. அண்ணையோடு ஒரே மேசையில் மீன் வெட்டிய பெண் இப்போது அங்கே மேற்பார்வையாளர். இருவரும் நோர்வே மொழியில் பேசிச் சிரித்தார்கள். அந்தப் பெண் மீன்பெட்டி அடுக்கும் தட்டையான ஏழு மரப் பலட்டுகளை இலவசமாகத் தந்து, ஒரு டிராக்டரில் நிலத்தை ஒட்டிய தெருவரை அனுப்பியும் வைத்தார். தெருவிலிருந்து பள்ளத்துக்கு நானூறு மீட்டர். ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏழு நடை நடந்தோம். கடைசிப் பலட்டை இறக்கியபோது என் விரல்கள் மடங்கவில்லை. அண்ணையின் கையில் மரச்சிராய் ஏறியிருந்தது, சொல்லவே இல்லை.

சனிக்கிழமை முழுவதும் அளந்தோம். பெட்டியைக் கவிழ்த்த பிறகு இருவரும் பலட்டின் மேல் ஐந்து நிமிடம் அசையமாட்டோம். குளிர் காற்று முகத்தில் அடிக்கும், மூக்கு ஒழுகும், துடைக்கக் கையைத் தூக்குவதில்லை. ஈரப் பள்ளத்தின் மீத்தேன் மேட்டைவிட அதிகம்தான், சென்ற ஆண்டைவிடவும் கொஞ்சம் அதிகம். வியாழக்கிழமை எண்ணுக்குக் கிட்டவும் இல்லை.

அண்ணை திரையை எட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானோ?"

"ஓம். இவ்வளவுதான்."

அன்று மாலை பேராசிரியரின் பதில் வந்தது. 'ஏமாற்றம். ஆனால் இப்போது தெரிந்தது நல்லது. மறு அளவீடுகளை மட்டும் காட்டுகிறேன்.' ஞாயிறு புறப்பட்டு மாலை ஏழரைக்கு லண்டன் வந்து சேர்ந்தோம். ஒப்பந்தத்தைப் பற்றி இன்னும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படி வேலையாகவோ சும்மா பார்க்கவோ வடக்கே போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பெரிய லித்தியம் பாட்டரி பயணிகள் விமானத்தில் ஏறாது. நாங்கள் கிர்கெனெஸில் ஒரு கார் பாட்டரி வாங்கினோம். ஆகஸ்ட் கடைசியில் நுளம்புக் கடி குறைவு, ஆனால் காலையில் தரை வெள்ளையாக உறைந்திருக்கும். முழங்கால்வரை இறப்பர் பூட்ஸ், இரண்டு சோடி உள்ளங்கிகள் தேவை. கடைகள் நேரத்தோடு பூட்டிவிடும். சென்ற ஆண்டு உறுதியாக இருந்த தரையை இந்த ஆண்டு நம்பவேண்டாம். கூட வருபவர் எதையாவது கவனித்தால் உடனே சொல்லும்படி முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள், நான் கேட்கவில்லை.

முதல் இரண்டு நாளின் பத்து ஈர அளவீடுகளையும் நான் அழிக்கவில்லை. அட்டவணையில் அவை இருக்கின்றன, கணக்கில் சேராமல். 'விலக்கியதற்கான காரணம்' என்ற கட்டத்தில் பத்துக்கும் ஒரே பதிலைத்தான் எழுதியிருக்கிறேன்: அளந்தவர்களின் எடை.