நான்காம் படியில் தேர்வு

தாராவியின் இந்தச் சந்தில் நெட்வொர்க் ஒழுங்காகக் கிடைப்பது ஓர் இரும்பு ஏணியின் நான்காம் படியில்தான். அங்கே உட்கார்ந்து, பள்ளி மாணவி ஆயிஷா கல்வி உதவித்தொகைக்கான தேர்வைச் செல்போனில் எழுதுகிறாள். மாடியில் நண்பனைப் பார்க்க வந்த நான் கீழே காத்திருக்கிறேன். மேலே, தோல்பை மூட்டையோடு பட்டறைக்காரர் நிற்கிறார்.

“டெம்போ போயிரும்மா. எறங்கட்டா?”

“நான் நவுந்தா நெட் போயிரும் மாமா. மறுபடி எழுத விடமாட்டாவ.”

“சரி, எழுது தாயி.” மூட்டையை இறக்கி வைத்தவர் என்னைப் பார்க்கிறார். “தம்பி, ஓடிப்போயி சந்து முனையில நிக்கிற டெம்போவைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க.”

ஓடுகிறேன். கிளம்பத் தயாராக இருக்கும் டிரைவரிடம் மூச்சிரைக்க விஷயத்தைச் சொல்கிறேன்.

“ஏணியில பரீட்சையா?” என்று இன்ஜினை அணைக்கிறார். “இன்னும் எத்தனை கேள்வி இருக்காம்?”