ஒடென்சேயில் பொரித்த கிரேக்கத் தக்காளி வடை

இரண்டு நாள் தங்கலாம் என்று டென்மார்க்கின் ஒடென்சே நகரில் இருக்கும் தோழி வசந்தி வீட்டுக்கு வந்திருக்கிறேன். வன்னியில் போர் முடிந்ததிலிருந்து என் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

"ஃபோனையே பாத்துக்கொண்டிருக்காதை, வா" என்று வசந்தி இன்று என்னைக் கிரேக்கத் தீவுச் சமையல் வகுப்புக்கு இழுத்துப் போனாள்.

சொல்லித் தந்த எலேனி சண்டொரினித் தீவுக்காரி. வகுப்பில் ஃபோனை அணைத்துவிட வேண்டுமாம். நான் டெனிஷில் காரணத்தைச் சொன்னேன்.

"அப்படியென்றால் சத்தத்தைக் கூட்டி மேசையில் வையுங்கள்" என்றார்.

தக்காளி, வெங்காயம், புதினா, மாவு. கிட்டத்தட்ட எங்கள் வடைதான். முதல் வடைகள் சட்டியில் பொரிந்துகொண்டிருக்க, ஃபோன் அடித்தது. என் இரண்டு கையிலும் மாவு. எலேனியே எடுத்து என் காதில் பிடித்தார்.

வவுனியாவிலிருந்து அத்தான்.

"தம்பி இருக்கிறான். ஆஸ்பத்திரியில என்ர கண்ணால கண்டனான். காலில காயம், ஆனா நல்லாக் கதைக்கிறான்."

"உண்மையாவோ அத்தான்?"

"ஓம், உண்மையா."

அப்படியே தரையில் இருந்து அழுதேன். எலேனி என் பக்கத்தில் வந்து இருந்தார். அதற்குள் வடைகள் கருகிவிட்டன. முன்பின் தெரியாத டெனிஷ்காரர்கள் அவற்றை "நல்லாயிருக்கு" என்று சாப்பிட்டார்கள். அங்கே நன்றி சொல்ல மறந்துவிட்டேன். அவர்கள் எல்லோருக்கும் இங்கே நன்றி சொல்கிறேன்.

தம்பி இங்கே வந்தால் இதைப் பொரித்துக் கொடுக்க ஆசை. ஆனால் அவனுக்குத் தக்காளி என்றாலே ஆகாது. தக்காளி இல்லாமல் தக்காளி வடை சுடத் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.