மேட்ரன் அக்கா கேட்காத கேள்வி

செய்தி வந்தபோது நான் திருமங்கலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் மூன்றாவது முறையாகப் பாயசம் விழுந்துகொண்டிருந்தது. சட்டைப்பையில் செல்போன் அலறியது. எங்கள் போதகரின் மனைவி.

"மாமா, மேட்ரன் அக்கா போயிட்டாங்க."

"எங்க போயிட்டாங்க?"

உண்மையாகவே கேட்டேன். யாரிடமும் சொல்லாமல் அவர் எங்கேயும் போனதில்லை. வாடிப்பட்டியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ஒரு பகல் போய்வருவதென்றாலும், ஞாயிறு பள்ளியை யார் பார்ப்பது, சாவி யாரிடம், மழை வந்தால் பிள்ளைகளை எங்கே நிறுத்துவது என்று அரை மணி நேரம் உத்தரவு போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார். இந்த முறை ஓர் உத்தரவும் இல்லை. காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே இருந்துவிட்டார்.

நான் பாயசத்தைத் தொடாமல் எழுந்துவிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட அஞ்சலி என்று புரியும்.

ரூபவதி என்றால் ஆனையூரில் எங்கள் சபையிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. மேட்ரன் அக்கா என்றால் தெரு நாய்க்கும் தெரியும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பகுதிக்குக் குடிவந்தார். அவர் ஆனையூரில் தும்மினால் திருமங்கலத்தில் பஸ் டிரைவர்கள் பிரேக் போடுவார்கள். வார்டில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும், சாகலாம் என்று படுத்திருந்தவர்கள் மனதை மாற்றிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார்கள். இவற்றையெல்லாம் பார்த்தவர்கள் யாரும் இல்லை. பரப்பியவன் நான்.

"இம்புட்டுப் பொய் சொல்றியே தம்பி, உனக்கு நாக்கு வலிக்காதா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, புதிதாக வந்தவர்களிடம் அதே கதையை இன்னொரு முறை சொல்லச் சொல்லிச் சிரிப்பார்.

வந்த இரண்டாம் ஆண்டே ஞாயிறு பள்ளியின் பொறுப்பு அவர் கைக்குப் போனது. அவர் போட்ட முதல் சட்டம் எங்கள் சபையை நிலநடுக்கம்போல ஆட்டியது. பெரியவர் யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. ஜெபமோ, பாட்டு வகுப்போ, வண்டியில் வீட்டில் கொண்டுபோய் விடுவதோ, எதுவானாலும் இன்னொரு பெரியவர் கண் பார்வையில் இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தை அவர் யாரிடமிருந்து தொடங்கினார் தெரியுமா? எங்கள் போதகரிடமிருந்து. எறும்பு குறுக்கே போனால் ஸ்கூட்டரை நிறுத்தி, அது குடும்பத்தோடு கடந்து முடிக்கும்வரை காத்திருக்கும் மனிதர் அவர்.

சபைக் கமிட்டியின் மூத்தவரான தங்கராஜ் அண்ணனுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"என்னக்கா இது? ஐயாவையே சந்தேகப்படுவீங்களா? நம்ம சபை ஒரு குடும்பம் மாதிரிக்கா. போலீஸ் ஸ்டேஷனா ஆக்கிராதீங்க."

அக்கா குரலை உயர்த்தவில்லை. அவருக்கு அது தேவைப்படுவதில்லை.

"எங்க ஆஸ்பத்திரில பெரிய டாக்டர் பொம்பளை நோயாளியப் பாக்கும்போது ஒரு நர்ஸ் கூடவே நிப்பா. எம்புட்டுப் பெரிய டாக்டரா இருந்தாலும் நிப்பா. டாக்டரு கோவிச்சுக்கிட்டா போயிட்டாரு? நர்ஸ் வரட்டும்னு அவரே காத்திருப்பாரு. அது சந்தேகம் இல்ல தங்கராஜு. அது முறை."

போதகர் தலையை ஆட்டினார். "எனக்கு அந்த நர்ஸ் வேணும்க்கா. நானும் காத்திருக்கேன்" என்றார். அத்தோடு சட்டம் நிறைவேறியது.

அடுத்து சட்டம் என் மேல் பாய்ந்தது. நான் யார்? அகில ஆனையூர் கிறிஸ்துமஸ் தாத்தாக்கள் பேரவையின் நிரந்தரத் தலைவர். அதன் ஒரே உறுப்பினரும் நானே. ஆண்டுதோறும் டிசம்பரில் பஞ்சுத் தாடி ஒட்டி, சிவப்பு அங்கிக்குள் தலையணை கட்டி, மேடையில் வீற்றிருப்பேன். பிள்ளைகளை மடியில் உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள். அந்த வருடம் என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு தாயாரைக் காவலுக்கு நிறுத்தினார் அக்கா.

"கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கே காவலாக்கா? வடதுருவம் வரைக்கும் என் மானம் போச்சு!"

"நீ நல்ல தாத்தாதான். நாளைக்கு அந்தத் தாடிக்குள்ள யாரு வருவான்னு எனக்குத் தெரியுமா?"

அதோடு விட்டாரா? ஒரு குட்டிப் பெண் என் தாடியைப் பார்த்து வீறிட்டு அழுதாள். அவளுடைய அப்பா விடாமல் என் மடியில் திணிக்கப் பார்த்தார். அக்கா நடுவில் வந்து நின்றுவிட்டார். "வேண்டாங்குது இல்ல? வேண்டாம்னா வேண்டாம்தான். தள்ளி நின்னு கை காட்டட்டும், போட்டோ அப்பவும் விழும்." அந்தப் பெண் பத்தடி தள்ளி நின்று கை காட்டினாள். நானும் காட்டினேன். அந்த ஆண்டின் சிறந்த படம் அதுதான். தாத்தாவின் முகத்தில் தெரிந்த அதிர்ச்சிக்காக உலகப் பரிசே கொடுத்திருக்க வேண்டும்.

இனி எழுதுவதை விளையாட்டாக எழுத முடியாது. எழுதலாமா என்று சம்பந்தப்பட்டவளிடமே கேட்டேன். "எழுதுங்க மாமா. பேரு மட்டும் போடாதீங்க" என்றாள். ஆகவே அந்தப் பிள்ளை என்று மட்டும் சொல்கிறேன்.

அப்போது அவள் ஆறாம் வகுப்பு. எங்கள் சபைக்குப் புதிதாகக் கீபோர்டு வந்திருந்தது. அதை வாசிக்க வேறு ஊரிலிருந்து ஒருவரும் வந்திருந்தார். விரல்களில் தேன், பேச்சில் சர்க்கரை. கோயிலுக்குள் எங்கள் சட்டம் இருந்ததால், சனிக்கிழமைகளில் தம் வாடகை வீட்டில் வகுப்பு எடுத்தார். கோயில் வாசலோடு சட்டம் முடிந்துவிட்டதாக நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

ஒரு ஞாயிறு, வகுப்பு கலைந்த பிறகு அந்தப் பிள்ளை அக்காவிடம் வந்து, "கீபோர்டு கிளாஸுக்கு நான் போக மாட்டேன்னு எங்க வீட்டுல சொல்றீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். வீட்டில் அவளைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். ஏன் எதற்கு என்று அக்கா துருவவில்லை. "சொல்றேன். நீ இனிமே போக வேணாம். வேற ஏதாச்சும் சொல்லணும்னாலும் சொல்லு, நான் இங்கதான் உக்காந்திருக்கேன்" என்று மட்டும் சொல்லி, எல்லார் கண்ணிலும் படுகிற வேப்பமர பெஞ்சில் அவளோடு உட்கார்ந்திருந்தார். சபை கலைந்தது, வெயில் ஏறியது, அக்கா எழவில்லை. கடைசியில் அந்தப் பிள்ளை, கீபோர்டுக்காரர் தன்னிடம் நடந்துகொண்டதைச் சொன்னாள்.

"யார்கிட்டயும் சொல்லிறாதீங்கக்கா."

"அப்படிச் சத்தியம் பண்ண மாட்டேன் கண்ணு. உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். நீ சொன்னது நல்லதாப் போச்சு. இதுல உன் மேல ஒரு தப்பும் இல்ல."

அந்த நான்கு வாக்கியங்களையும் அவள் இன்றுவரை சொல் மாறாமல் சொல்கிறாள்.

அக்கா அன்றே பெற்றோரிடம் பேசிவிட்டார். ஸ்டேஷனுக்குப் போவோம் என்றார். அப்பா கலங்கிப்போய், முதலில் சபைப் பெரியவர்களைக் கேட்போம் என்று கெஞ்சினார். சனிக்கிழமை மாலை கமிட்டி கூடியது. மறுநாள் நற்கருணை ஆராதனை.

எங்கள் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. நற்கருணைக்கு முன்னால், சண்டை போட்டவர்களைக் கூப்பிட்டு, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கச் சொல்லி, கை குலுக்க வைப்போம். வரப்புத் தகராறு, சாக்கடைத் தண்ணீர்த் தகராறு, பாடகர் குழுவில் முன்வரிசை யாருக்கு என்ற உலகப் போர், எல்லாம் அப்படித்தான் தீர்ந்திருக்கின்றன. நல்ல வழக்கம்தான். செயலாளர் என்ற முறையில் அதற்கு நானே எத்தனையோ முறை நாட்டாமையாக இருந்திருக்கிறேன். தங்கராஜ் அண்ணன் அதைத்தான் எடுத்தார்.

"மனுசன் அழுறாருக்கா. புத்தி கெட்டுப்போச்சுங்கிறாரு. பிள்ளையையும் அம்மாவையும் உள்ள கூப்பிடுவோம். இவரு மன்னிப்புக் கேக்கட்டும், பிள்ளை மன்னிச்சிட்டேன்னு சொல்லட்டும். கையக் குலுக்கி முடிச்சிருவோம். அப்புறம் இவரு வேற ஊரு பாத்துப் போயிருவாரு. பிள்ளை பேரும் கெடாது, சபை பேரும் கெடாது."

அண்ணன் கெட்டவர் அல்ல. அந்தப் பிள்ளைக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார். அறையில் பலரும் தலையாட்டினார்கள். என் வாயில் வழக்கமாக வரிசைகட்டி நிற்கும் நக்கல்களில் ஒன்றுகூட அன்று வரவில்லை.

மேட்ரன் அக்கா எழுந்து நின்றார்.

"வரப்புச் சண்டைக்குக் கை குலுக்கலாம். ரெண்டு பேரும் ஒரே உயரம். இங்க அப்படியா? இத்தன பெரிய ஆம்பளைங்க சுத்தி உக்காந்துக்கிட்டு, மன்னிப்பியா மாட்டியான்னு அந்தப் பிள்ளையக் கேட்டா அது என்ன சொல்லும்? உங்களுக்கு வேண்டியதத்தான் சொல்லும். மன்னிக்கிறது அதோட சொத்து. நாளைக்கு மன்னிக்கலாம், கிழவியாகி மன்னிக்கலாம், மன்னிக்காமலே இருக்கலாம். அதக் கமிட்டி போட்டுப் பிடுங்க முடியாது."

அக்கா தங்கராஜ் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"வேற ஊருக்கு அனுப்புறோம்ங்கிறீங்க. அந்த ஊருல பிள்ளைங்க இல்லையா?"

போதகர் எழுந்து அக்காவின் பக்கத்தில் போய் நின்றார். "நாளைக்கு அவர் இந்தப் படி ஏற மாட்டார். நானும் ஸ்டேஷனுக்கு வாரேன்" என்றார்.

ஆனால் முடிவு எங்கள் கையில் மட்டும் இல்லை. வெளியே வராந்தாவில் அந்தப் பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பொம்பளப் பிள்ளைக்கா. வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாருக்கா கட்டுவா?"

அக்கா தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர், தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"கட்டுறவன் வர்றப்ப வரட்டும். இப்ப உன் மக கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். அம்மா என்னை நம்புறாளா? மொதல்ல அதுக்குப் பதில் சொல்லு தாயி."

அந்த அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். வேப்பமர பெஞ்சில் இருந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி எங்க நிக்குது?" என்று என்னைக் கேட்டார்.

என் பழைய மாருதி வேனில்தான் போனோம். நீ எங்கே உட்கார வேண்டும் என்று அக்கா அந்தப் பிள்ளையிடமே கேட்டார். அவள் ஜன்னலோரத்தைக் காட்டினாள். மகளிர் காவல் நிலையத்தில் அக்கா ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். ஆளுக்கொருவராகக் கேட்கக் கூடாது, பிள்ளை ஒரு தடவை சொன்னால் போதும். அங்கிருந்த போலீஸ் அம்மாவும் அதற்கு ஒத்துக்கொண்டார்.

வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. நடுவில், அந்த ஆள் முன்பு இருந்த ஊரிலிருந்தும் ஒரு குடும்பம் தைரியமாக வந்து சாட்சி சொன்னது. அங்கேயும் ஒரு கமிட்டி கை குலுக்க வைத்து, வாழ்த்தி வழியனுப்பியிருந்தது. தண்டனை கிடைத்தது. போதாது என்று அக்கா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பின் எங்கள் சபையில் பிள்ளைகள் பக்கம் யார் வேலைக்கு வந்தாலும், முன்பிருந்த ஊரில் விசாரிக்காமல் எடுப்பதில்லை. விசாரிக்கும் பொறுப்பைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டவர் தங்கராஜ் அண்ணன். போனில் அவர் கேட்கிற கேள்விகளைக் கேட்டால் அப்போஸ்தலர்களுக்கே வியர்த்துவிடும். சட்டமும் கோயில் வாசலோடு நிற்பதில்லை. சபைக்காரர் எங்கே வகுப்பு எடுத்தாலும் கூடவே போகிறது.

சில குடும்பங்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டன. அடுத்த மே மாதம் விடுமுறை வகுப்புக்கு ஈ, காக்கைகூட வராது என்று நான் ஆரூடம் சொன்னேன். வந்த கூட்டத்துக்குப் பந்தல் போட வேண்டியதாயிற்று. மதுரை மாநகரமே திரண்டு வந்தது என்று எழுதத்தான் கை துடிக்கிறது. பந்தல் நிறைந்தது என்பது உண்மை. பக்கத்துத் தெருவிலிருந்து சௌராஷ்டிரக் குடும்பத்து அம்மா ஒருவர் இரண்டு பேரன்களைக் கூட்டிவந்து நின்றார். "நாங்க பெருமாள் கோயிலுக்குப் போறவங்க. பாட்டு, கதை எல்லாம் இருக்கட்டும். உங்க எடத்துல பிள்ளைங்களப் பாத்துக்குவாங்கன்னு சொன்னாங்க, அதான்" என்றார். அன்று அக்கா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அவர் பேசாமல் நின்றதை ஆனையூர் வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும்.

அந்தப் பிள்ளைக்குக் கீபோர்டு பிடிக்கும். அதை வாசிக்கத் தெரிந்த டீச்சரம்மா ஒருவரை அக்கா தேடிப் பிடித்தார். அம்மாவைக் கூடவே உட்காரவைத்து, கோயில் முன்மண்டபத்தில், தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி மறுபடி வகுப்பு தொடங்கியது. அந்தப் பிள்ளை இன்று கல்யாணமாகி, தானும் ஒரு பிள்ளைக்குத் தாய். அடக்க ஆராதனையில் கீபோர்டு வாசித்தவள் அவள்தான்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து என் வேனில்தான் திரும்பி வந்தாள். அவளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று எனக்கு வருடக்கணக்காக நாக்கு அரித்துக்கொண்டிருந்தது. கேட்கப்போனேன். அதற்குள் அவளே, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"மாமா, அதுக்கப்புறம் சபையில எத்தனையோ பேரு நல்ல மனசோட எங்கிட்டக் கேட்டிருக்காங்க, 'அந்தாள மன்னிச்சிட்டியாம்மா'ன்னு. மேட்ரன் அக்கா மட்டும் ஒருநாளும் கேட்டதே இல்ல."

ஆனையூரின் மிகப் பெரிய வாய் அந்த நேரத்தில் மூடிக்கொண்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

மேட்ரன் அக்காவிடமிருந்து உங்களில் சிலர் அவருடைய சட்டத்தை எடுத்துக்கொள்வீர்கள், சிலர் அந்தக் குரலை. எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாருக்கும் போதுமானது இருக்கிறது. அவர் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். நானும் அதைக் கேட்கப்போவதில்லை.