மாளிகை யாருடைய சீதனம்?

நான் உண்டாக்கிய பேய் முதன்முதலாக வாய் திறந்து கேட்டது, "சாப்பிட்டாச்சா?" என்றுதான்.

பிள்ளைகளே, அதை எழுதும்போது எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. கொட்டும் மழையில் இரண்டு பேர் வந்து வாசலில் நிற்கிறார்கள். வீட்டுக்காரர் கதவைத் திறக்கிறார். வேறென்ன கேட்பது? அவர் செத்துப்போனவர் என்பது உண்மைதான். ஆனாலும் வந்தவர்களைப் பசியோடு நிறுத்திவைத்துப் பயமுறுத்த எனக்கு மனம் வரவில்லை.

நான் கல்லடியில் வாவிக்கரைப் பக்கம் போட் இஞ்சின் திருத்துகிறவன். படிப்பு சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுவிட்டது. அதுவும் தானாக நிற்கவில்லை, கணிதப் பாடம் நிறுத்திவைத்தது. அப்படிப்பட்டவன் திகில் கதை விளையாட்டொன்றை நடத்தப் புறப்பட்டதற்குக் காரணம் என் மகன்.

மகன் கட்டாரில் வேலை செய்கிறான். கிழமைக்கொரு தரம் அவனோடு கதைப்பேன்.

"சாப்பிட்டியா மகன்?"

"ஓம்."

"வேலை எப்பிடி?"

"இரிக்கு."

"உடம்பு?"

"ஓம்."

உடம்புக்கு 'ஓம்' என்றால் என்ன அர்த்தம் என்று நான் நாள் முழுக்க இஞ்சினைக் கழற்றிப் பூட்டிக்கொண்டே யோசிப்பேன். போகுமுன் வீட்டில் வாய் ஓயாமல் கதைத்தவன் அவன். இப்போது அவனுடைய தங்கைக்காக எங்கள் வீட்டு வளவுக்குள்ளேயே ஒரு புது வீடு கட்டுகிறோம். அவன் உழைப்பில்தான் அது எழும்புகிறது. சுவர் ஒன்று கூடினால் படம் எடுத்து அனுப்புவேன். பதிலுக்குத் தூக்கிய பெருவிரல் படம் ஒன்று வரும். அது மட்டும்தான். பிள்ளை எங்களை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரப் போகிறான் என்று எனக்குள் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நான் எழுதிய எந்தப் பேயும் எனக்கே அந்தளவு பயத்தைத் தரவில்லை.

வழி சொன்னவள் மகள். அவள் முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். முன்பு அண்ணனும் தங்கையும் போனில் ஒரு விளையாட்டு விளையாடுவார்களாம். ஆளுக்கொரு வேடம். அந்த வேடத்தில் நின்று, தான் என்ன செய்கிறேன் என்று ஒருவர் எழுதுவார். அதனால் என்ன நடந்தது என்று கதை நடத்துகிறவர் எழுதுவார். பிறகு அடுத்தவர். எல்லாரும் ஒரே நேரத்தில் இருக்கத் தேவையில்லை. வேலை முடிந்து வசதிப்பட்ட நேரத்தில் ஆளாளுக்கு எழுதிப் போடலாம்.

"அப்ப நீயே நடத்தன் மகள்," என்றேன்.

"நான் நடத்தினா அண்ணா ஒரு நாளில விட்டிருவான். நீங்க நடத்தினா வருவான், அப்பா."

"ஏன், எனக்குக் கதை நல்லா வருமா?"

"பகிடி பண்ணவாவது வருவான்."

இப்படியாக என் திறமையில் முழு நம்பிக்கை வைத்து என்னைத் தலைவராக்கினார்கள். வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினோம். மகளுக்கு, மழையில் நோயாளி பார்க்கப் போகும் டொக்டர் வேடம். என் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, வழிதவறிய வான் சாரதி வேடம். நிஜத்தில் அவர் களுதாவளையில் வெற்றிலைத் தோட்டம் செய்கிறவர், வழியோ வாயோ அவருக்கு ஒருநாளும் தவறியதில்லை. மனைவி, "எனக்கு வேசமெல்லாம் வேணாம், சும்மா பாத்துக்கொண்டு இரிக்கிறன்" என்றாள். மகனிடம் என்ன வேடம் என்று கேட்டேன். "யோசிக்கிறன்" என்று எழுதினான். 'ஓம்' என்பதைவிட அது எவ்வளவோ நீளம். எனக்குச் சந்தோசம்.

இந்த மாதிரித் திகில் கதைகளுக்கு என்னென்ன வேண்டும் என்று மகள் படம் காட்டிச் சொல்லித் தந்தாள். கறுப்புக் கல் மாளிகை, மெழுகுதிரி, ஓயாத மழை, குடும்ப இரகசியம், பூட்டிக் கிடக்கும் அறை. மாளிகையை வாவி நடுவில் ஒரு சின்னத் தீவுத் திட்டியில், தண்ணீருக்குள் வேரூன்றிய கண்ணா மரங்களுக்குப் பின்னால் வைத்தேன். அங்கே கறுப்புக் கல்லை யார் தோணியில் ஏற்றிப் போனார்கள் என்று மச்சான் முதல் நாளே கேட்டார். மழையைக் கூட்டிச் சமாளித்தேன். மாளிகைக்குள் செத்துப்போன ஒரு பிரபுவை வைத்தேன். பூட்டிய அறைக்குள் ஓர் எலும்புக்கூட்டைக் கடைசி நாளுக்கென்று ஒளித்துவைத்தேன்.

பிரபு கதவைத் திறந்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டு, அவர்கள் இல்லை என்றதும் உள்ளே அழைத்துச் சோறும் இறால் கறியும் போட்டார். அப்போது மேல்மாடியில் தடாரென்று ஒரு சத்தம் கேட்டதாக எழுதிவிட்டு, ஆட்கள் நடுங்கட்டும் என்று காத்திருந்தேன்.

மச்சான் எழுதினார்: "பூனையா இரிக்கும் அத்தான். மறுகா சொல்லுங்க, கறிக்கு உப்புக் காணுமா, இன்னும் போடணுமா?"

மனைவி அடுப்படியிலிருந்தே கேட்டாள். "உசிரோட இரிக்கிற நீங்க ஒருநாள் இறால் உரிச்சதில்ல. செத்தவர் உரிச்சாராமா?"

அன்று மகனிடமிருந்து ஒரு முகம் வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம். திகில் கதைக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு அதுவல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை மனைவிக்கும் மகளுக்கும் காட்டி, பட்டறைக்கு வந்த ஒரு மீன்காரருக்கும் காட்டினேன்.

அந்தத் தெம்பில் அடுத்த நாள் பிரபுவைக் கொஞ்சம் முறைப்பாக்கினேன். அவர் எழுந்து நின்று, கண் சிவக்கச் சொன்னார்: "இது என் அப்பாவின் மாளிகை. அவருக்கு அவருடைய அப்பா கொடுத்தது. நான் செத்தாலும் இதை விட்டுப் போக மாட்டேன்."

இதுதான் உச்சம் என்று நினைத்திருந்தேன். மகளின் டொக்டர் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, இது உங்கட மனிசிட வீடுதானே?"

எனக்கு அப்போதுதான் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்தில், பிள்ளைகளே, வீடு பெண்பிள்ளைக்குத்தான். தாயின் வீடு மகளுக்குப் போகும், அல்லது மகளுக்கென்று புதிதாக ஒன்று கட்டுவார்கள். மாப்பிள்ளைதான் தன் பெட்டியோடு வந்து சேருவார். நானும் அப்படி ஒரு பெட்டியும், ஸ்பேனர் நிறைந்த ஒரு சாக்குமாக என் மனைவியின் வீட்டுக்கு வந்தவன்தான். இத்தனை வருடம் அங்கே இருந்தும், வெளிநாட்டுப் படத்தில் பார்த்த மாளிகையை அப்படியே தூக்கி வந்து, அப்பாவிடமிருந்து மகனுக்கு என்று எழுதிவிட்டேன். வீட்டில் தனக்கு ஒரு கதவுகூடச் சொந்தமில்லாதவன் எழுதிய பிழை.

பிறகு பிரபுவுக்கு நடந்ததைப் பார்த்திருந்தால் நீங்களே பாவம் என்பீர்கள்.

"தகப்பன்ட வீடாம். தகப்பனுக்கு ஏது வீடு?" என்றார் மச்சான்.

சும்மா பார்த்துக்கொண்டிருந்த மனைவி குரல் பதிந்து அனுப்பினாள். "மனிசி செத்தா வீடு மகளுக்கு. அந்தாளுக்கு அங்க என்ன வேலை? மகளைக் கூப்பிடச் சொல்லுங்க, கதைச்சு முடிப்பம்."

நான் ஜன்னல்களைப் படபடவென்று அடிக்க வைத்தேன். மெழுகுதிரிகளை ஊதி அணைத்தேன். ஒன்றும் எடுபடவில்லை. "வெளிச்சம் போனாப் பரவாயில்ல, வீட்டு உறுதிப் பத்திரத்த மட்டும் காட்டச் சொல்லுங்க," என்றார் மச்சான். விடிந்ததும் கிராம சேவகரைக் கூட்டிவருவதாக டொக்டர் அறிவித்தார். என் திகில் கதை காணித் தகராறாக மாறிவிட்டது. பிரபு தன் சொந்த மாளிகையில் ஒரு மூலையில் போய் நின்றார். எப்படி அவரை மீட்பது என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த நேரத்தில் மகன் எழுதினான். "அப்பா, பிரபுவ எனக்குத் தாங்க. நான் அவரா வாறன்."

உடனே கொடுத்தேன். எனக்கு அவர் பாரமாகிவிட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. அன்று பகல் நான் ஓர் இஞ்சினின் காபரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் சத்தமிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மகன் இவ்வளவு நீளமாக எழுதி நான் பார்த்ததே இல்லை.

"நான் பிரபு இல்ல. இந்த வீட்டுக்குச் சொந்தக்காரனும் இல்ல. அத நீங்க சொல்லத் தேவையில்ல, எனக்குத் தெரியும். இது என்ட தங்கச்சிட வீடு. நான் கடலுக்கு அங்கால நிண்டு கட்டினது. சுவர் எழும்ப எழும்பப் படம் அனுப்புவாங்க. இது ஹோல், இது குசினி, இது மாப்பிள்ள மோட்டார் சைக்கிள் விடுற இடம் எண்டு எழுதுவாங்க. நான் ஒவ்வொரு படத்தையும் பெருசாக்கிப் பாப்பன். நான் வந்தா எங்க படுக்கிற எண்டு ஒரு படத்திலயும் இல்ல. கேக்க வெக்கமா இரிந்திச்சு. கேக்காமலே செத்துப்போனன். இப்ப மழைக்கு மழை வந்து பூட்டின அறைக்கு முன்னால நிப்பன். பூட்டுக்குத் திறப்பு என்னட்ட இல்ல."

நான் இரண்டு முறை வாசித்தேன். கதை நடத்துகிறவன் நான், பதில் எழுதுவது என் பொறுப்பு. எழுதினேன்: "அருமை மகன். நல்ல கற்பனை. பேய் எந்தப் படியால் ஏறிப் போனது என்பதையும் சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும்."

பதிலுக்கு ஒரு பெருவிரல் வந்தது.

பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். சோறு போட எழும்பவில்லை.

"இஞ்ச பாருங்க, இது கற்பனையா?"

"பின்ன? பேய்க்கதை தானே."

"உங்கட காதுக்கு இஞ்சின் சத்தம் மட்டும்தான் கேக்கும். மாப்பிள்ளட மோட்டார் சைக்கிள் விடுற இடம் எண்டு எழுதி அனுப்பினது ஆரு?"

நான்தான். இன்னும் மாப்பிள்ளையே பார்க்கவில்லை, அவருடைய மோட்டார் சைக்கிளுக்குச் சீமெந்துத் தரை போட்டாயிற்று.

"அவனுக்கு நம்மட வீடு இரிக்குதானே," என்றேன்.

"இது என்ட வீடு. அவன் கட்டுற வீட்டில அவனுக்கு எது எண்டு ஒருநாள் சொன்னமா?"

ஓர் ஆண்பிள்ளைக்கு வீட்டில் ஓர் அறை வேண்டும் என்ற யோசனையே எனக்கு வந்ததில்லை. நானே மனைவி காட்டிய பக்கத்தில் பாயைப் போட்டுப் பழகியவன். என் மகனும் ஒருநாள் ஒரு பெட்டியோடு எங்கோ ஒரு வீட்டுக்குப் போவான் என்று மட்டும் நினைத்திருந்தேன். அதுவரைக்கும், அதற்குப் பிறகு எப்போதாவது வந்து நின்றாலும், அவன் எங்கே இருப்பான்?

மகளும் அதை முன்பள்ளியில் வைத்தே வாசித்திருந்தாள். மாலை வந்தவள் பையைக்கூட வைக்கவில்லை, நேரே புது வீட்டுக்குப் போனாள். சுவர் கட்டும் மேசனோடு ஏதோ கதைத்துக் கை காட்டுவது தெரிந்தது. மேசன் தலையைச் சொறிந்தார். குழுவில் யாரும் எழுதவில்லை. எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கும் மச்சான்கூட எழுதவில்லை. அவருக்கும் மூன்று அக்காமார், அவரும் தோட்டத்து வருமானத்தில் சுவர் கட்டியவர் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பிறகு மகளின் டொக்டர் எழுதினார்: "டொக்டர் பிரபுவின் கையில் திறப்பைக் குடுக்கிறா. அண்ணா, நீங்களே திறங்க."

கீழே ஒரு படம். புது வீட்டில் சாமான் அறைக்கென்று நாங்கள் ஒதுக்கியிருந்த வாவிப் பக்கத்து அறை. பூசாத சுவர். அதில் கரித்துண்டால் பெரிதாக எழுதியிருந்தாள்: அண்ணாட அறை. ஜன்னல் இல்லாத சுவரில் ஒரு சதுரமும் கீறியிருந்தாள், வெட்டித் திறப்பதற்கு.

இப்போது உள்ளே என்ன இருந்தது என்று நான் எழுத வேண்டும். என் எலும்புக்கூடு அந்த அறைக்குள்தானே கிடக்கிறது. எலும்புக்கூடு என்று எழுதி, அழித்தேன். கடைசியில் எழுதினேன்: "அறைக்குள் ஒன்றும் இல்லை. கட்டில் போட இடம் இருக்கிறது."

பெருவிரல் வரவில்லை. போன் அடித்தது. மகன்.

"அப்பா."

"சொல்லு மகன்."

சாப்பிட்டியா என்று வாய்வரை வந்துவிட்டது. நல்ல காலம், மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன்.

"அந்த ஜன்னல் சின்னன் அப்பா," என்றான். "அவள் கீறின அளவுக்குக் காத்து வராது. இன்னும் இந்தப் பக்கம் இழுக்கச் சொல்லுங்க."

"சொல்றன்."

"மற்றது, பிளக் பொயின்ட் கட்டில் தலைமாட்டில வரணும். கதவுக்குப் பின்னால வெச்சிராதீங்க. நீங்க அப்பிடித்தான் வைப்பீங்க."

"ஓம்," என்றேன்.

அவன் பேச்சு மின்காற்றாடிக்குப் போனது, அங்கிருந்து தரைக்கு, தரையிலிருந்து கட்டாரில் தன்னோடு அறையில் இருக்கும் ஆளின் குறட்டைக்கு. என் காது சூடாகும்வரை கதைத்தான். நான் 'ஓம்' என்றும் 'இரிக்கு' என்றும் மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன். மகள் போனைப் பறித்தெடுத்த பிறகு ஜன்னல் அளவுக்காக இருவரும் சண்டை பிடித்தார்கள்.

விளையாட்டு அப்படியே நிற்கிறது. டொக்டரும் சாரதியும் இன்னும் மாளிகையில்தான் இருக்கிறார்கள், மழை விடவில்லை. பிரபுவும் போகவில்லை. ஜன்னலை மேசன் இரண்டு தரம் வெட்டி, ஒரு தரம் திரும்ப மூடிவிட்டார். நேற்றும் என்னிடம் வந்து, "அண்ணே, அந்தக் கட்டார்க்காரர் ஒரு முடிவச் சொல்லுவாரா, மாட்டாரா?" என்று கேட்டார்.