வெல்வெட் உறைக்குள் ஒரு காய்ச்சல்

ஆபத்து நேரத்தில் நான் அமைதியாக இருப்பவன் என்று பல வருடங்களாக நானே சொல்லி வந்திருக்கிறேன். கேட்டவர்களில் சிலர் நம்பியும் இருக்கிறார்கள். என் மனைவி அந்தச் சிலரில் இல்லை. ஒரு வியாழக்கிழமை காலை, கற்பிட்டியில் எங்கள் வீட்டு முன்னறையில், பனியன் வியர்வையில் ஒட்டிக்கொள்ள, ஒரு பழைய கொம்பியூட்டரின் முன்னால் கையேந்தி நின்ற என்னை அவள் குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"ஆருக்கும் வருத்தமா? ஆஸ்பத்திரியில ஆரும் ஈக்கிறாங்களா?"

"கேம் ஓடுதில்ல" என்றேன்.

அவள் உள்ளே போனாள். சட்டியில் கரண்டி விழுந்த சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

அன்று என் ராத்தா வருவதாக இருந்தது. என்னைவிட எட்டு வயது மூத்த அக்கா. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இந்தக் கரைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் இருந்த அந்த வருடங்களில் ராத்தா தையல் தைத்தார். முகாமுக்கு இரண்டு வேலி தள்ளி ஓட்டு வீட்டில் ஒரு மாமி இருந்தார். அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய டீவி கேம் பெட்டி ஒன்று அங்கே விளையாட ஆளில்லாமல் கிடந்தது. மாமிக்குச் சட்டை அளவெடுக்க ராத்தா போகும்போது நானும் வால் பிடித்துப் போவேன். அளவெடுத்து முடியும்வரை விளையாடிக்கொள் என்று மாமி என்னை விட்டுவிடுவார்.

ஒரு நாள் ராத்தா, வாயில் நாலு குண்டூசியைக் கவ்வியபடியே என் பின்னால் வந்து நின்று பார்த்தார். "தள்ளுடா" என்றார், ஊசியோடு. என் கையிலிருந்த கேம் ரிமோட்டைப் பிடுங்கினார். அதற்குப் பிறகு அது என் கைக்கு ஒழுங்காகத் திரும்பி வரவே இல்லை. மாமிக்கு அந்த வருடம் அளவெடுத்த அளவுக்கு யாருக்கும் அளவெடுத்திருக்க மாட்டார்கள். மாமி மெலியவும் இல்லை, பருக்கவும் இல்லை.

கேம் சாதாரணமானதுதான். நீலக் கலிசான், அதாவது காற்சட்டை, போட்ட ஒரு குட்டி மனிதன் காடு, ஆறு, பாறை என்று தாண்டி ஓடுவான். நாங்கள் அவனைக் கலிசான்காரன் என்றே சொன்னோம். கடைசிக் கட்டத்தில் ஓர் உடைந்த தொங்குபாலம். ஒரு பின்னேரம் ராத்தா முதல்தடவையாக அந்தப் பாலத்தடிக்குப் போனார். மிச்சமிருந்தது ஒரே ஓர் உயிர். அப்போது உம்மா வேலிக்கு மேலால் கூப்பிட்டார். பெண் பார்க்க வந்துவிட்டார்களாம்.

"இருங்க உம்மா, இந்தப் பாலத்தத் தாண்டிட்டு வாறன்!"

உம்மா உள்ளே வந்து சுவரில் இருந்த பிளக்கைக் கழற்றினார். இரண்டு மாதத்தில் கலியாணம். ராத்தா பிறகு அந்தப் பெட்டியைத் தொடவில்லை. பெண் பார்க்க வந்த மச்சான் இன்றைக்கும் சொல்வார்: "உன்ட ராத்தாக்கு முதல் மாப்பிள்ள அந்தக் கலிசான்காரன். நான் ரெண்டாம் தாரம்."

யுத்தம் முடிந்து சில வருடங்களில் மச்சான் மன்னார்ப் பக்கம் போய், வாப்பாவின் காணியில் வளர்ந்திருந்த காட்டை வெட்டி, ஒரு சின்ன வீடும் போட்டுவிட்டார். குடும்பத்தோடு திரும்பிப் போவதென்று முடிவு. எனக்கு இங்கே கடை, இந்த ஊர் மனைவி, இந்த ஊர்ப் பிள்ளைகள். நான் போகவில்லை. "நல்ல விசயம், நல்ல விசயம்" என்று எல்லோரிடமும் சொன்னேன். மையத்து கிடக்கும் வீட்டில் ஆறுதல் சொல்வதுபோல் சொன்னாய் என்றாள் மனைவி.

அந்தக் கலக்கத்தில்தான் வாயை விட்டேன். "நீங்க போறதுக்கு முந்தி அந்தப் பாலத்தத் தாண்டி வைக்கிறன் ராத்தா. சத்தியமா." ராத்தா சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பில் குண்டூசி கவ்விய பழைய முகம் ஒரு கணம் தெரிந்தது. எனக்கு அது போதும்.

பழைய கேம் பெட்டியைப்போலக் கொம்பியூட்டரை நடிக்கவைக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. எமுலேட்டர் என்பார்கள். கடைக்கு வாங்கிய பழைய கொம்பியூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் எமுலேட்டரைப் போட்டு, தேடித் தேடிக் கலிசான்காரனையும் பிடித்துப் போட்டேன். ஒரு மாதமாக நானே ஒத்திகை பார்த்தேன். பிரமாதமாக ஓடினான். ராத்தா வருவதற்கு முதல்நாள் மாலைவரை ஓடினான். அன்று மாலையோடு நொண்டினான்.

இங்கே உறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கற்பிட்டியில் இரண்டு பக்கமும் தண்ணீர். உப்புக் காற்று இரும்பைத் தின்னும், கம்பியைத் தின்னும். அதனால் எங்கள் வீடுகளில் எல்லாவற்றுக்கும் சட்டை உண்டு. டீவிக்குச் சட்டை, பிரிட்ஜுக்குச் சட்டை, தையல் மெசினுக்குச் சட்டை. ரிமோட்டுக்குப் பொலித்தீன். நான் கொம்பியூட்டர் வாங்கியதும் ராத்தா அதற்கும் ஒன்று தைத்துத் தந்திருந்தார். மெரூன் வெல்வெட், உள்ளே ஸ்பொஞ்ச், ஓரமெல்லாம் தங்க நிற லேஸ். மணவறைக் கதிரைக்குப் போட வேண்டியது வழி தவறி வந்ததுபோல் இருக்கும். முன்னால் பட்டனுக்கு ஒரு துளை, பின்னால் வயர்களுக்கு ஒரு சின்னக் கீறு. மற்றெல்லாம் அழுத்துப் பொத்தான்களால் இறுக்க மூடி. உப்புக்காற்று மட்டுமல்ல, ஜின்கூட உள்ளே போக முடியாது.

அதை நான் அலுமாரியில் வைத்திருந்தேன். ராத்தா வருகிறார் என்றதும் எடுத்து உதறி, பொத்தானெல்லாம் பூட்டி, பெட்டிக்கு மாட்டினேன். அவர் கண்ணில் பட வேண்டுமல்லவா?

அதற்குப் பிறகு நடந்தது ஒரு முட்டாளுக்குக்கூட விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. முதல் பத்து நிமிடம் கலிசான்காரன் ஒழுங்காக ஓடுவான். பிறகு தண்ணீருக்குள் நடப்பவன்போல் ஆவான். குதித்தால் அந்தரத்தில் நின்று, இறங்குவதா வேண்டாமா என்று யோசிப்பான். பாட்டு, தொண்டை கட்டிய ஆடு கத்துவதுபோல் இழுக்கும். நிறுத்திவிட்டு நான் தேத்தண்ணி குடித்து வந்தால், மறுபடி பத்து நிமிடம் நல்ல பிள்ளை. பிறகு மறுபடி ஆடு.

நான் படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். சத்தத்தை நிறுத்தித் திரும்பப் போட்டேன். வைரஸ் காவலனை வீட்டுக்கு அனுப்பினேன். ஹார்ட் டிஸ்கில் இடம் போதவில்லை என்று முடிவு செய்து, பெரிய பெரிய வீடியோக்களாகப் பார்த்து அழித்தேன். அவை மனைவி சேர்த்து வைத்திருந்த சமையல் வீடியோக்கள் என்பது அழித்த பிறகுதான் தெரிந்தது. மேசை மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்தேன். எதற்கு முன்னால்? திரைக்கு முன்னால். கலிசான்காரனுக்குத்தானே களைப்பு.

அந்தக் கோலத்தில்தான் ராத்தாவும் மச்சானும் வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு லொறி புறப்படும். ராத்தா கையில் இருந்தது இந்த ஒரு காலை. வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே உறையைப் பார்த்துவிட்டார்.

"அட, போட்டிருக்கிறாயே!" ஓடி வந்து லேஸைத் தடவினார். "நான் நினச்சன், நீ இத அலுமாரியில தள்ளியிருப்பாய் எண்டு."

"நானா?" என்றேன், நெஞ்சில் கை வைத்து. குசினியிலிருந்து ஓர் இருமல் கேட்டது.

ராத்தா பிஸ்மில்லாஹ் சொல்லி, கொம்பியூட்டரில் செருகியிருந்த கேம் ரிமோட்டைப் பிடித்தார். முதல் இரண்டு கட்டத்தில் நான் வாய் திறக்கவே தேவை இருக்கவில்லை. எந்தப் பாறைக்குப் பின்னால் பழம் இருக்கிறது, எந்த மரக்குற்றி தாழும், எல்லாம் அவர் விரலுக்கு நினைவிருந்தது. எழும்பிக் குதித்தால் அவரும் கதிரையில் கொஞ்சம் எழும்பினார். மச்சான் தள்ளி உட்கார்ந்து, "பாத்தியா, என்னோட இப்பிடி ஒரு நாளும் சிரிச்சதில்ல" என்றார்.

மூன்றாம் கட்டத்தில் ஆடு கத்தத் தொடங்கியது.

"என்னடா இவன் இப்பிடி நடக்கிறான்?"

"வயசாளிகளுக்காக மெதுவா வச்சிருக்கன் ராத்தா."

"ஆருடா வயசாளி? வேகத்தக் கூட்டு!"

கலிசான்காரன் ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு நின்றான். பிறகு ஆறுதலாக, ஒரு முடிவுக்கு வந்தவன்போல், தண்ணீருக்குள் போனான். ஓர் உயிர் போய்விட்டது. ராத்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டில் இன்னும் பாத்திரம் கட்ட வேண்டும், அடுப்பு கழற்ற வேண்டும்.

மதுரங்குளியில் கொம்பியூட்டர் திருத்தும் ஒருவருக்குப் போன் எடுத்தேன். முதல்நாளும் மூன்று தடவை எடுத்திருந்தேன். என் குரல் கேட்டதுமே அவர் பெருமூச்சு விட்டார்.

"கொஞ்சம் ஓடிட்டுத்தான் இழுக்குதா? ஓய்வு குடுத்தா சரியாகுதா?"

"ஓம், ஓம்."

"அப்ப சூடு. சூடு கூடினா அது தன்ட வேகத்தத் தானே குறச்சுக்கொள்ளும். பெட்டிய மூடி கீடி வச்சிருக்கீங்களா? உற ஏதும்?"

நான் பெட்டியைப் பார்த்தேன். மெரூன் வெல்வெட். தங்க லேஸ். அதன்மேல் கையை வைத்தபடி, தலையைச் சரித்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார் ராத்தா.

"ச்சே, ச்சே" என்றேன். "அப்பிடி ஒண்டும் இல்லையே."

"அப்ப எனக்கும் விளங்கல்ல" என்று அவர் வைத்துவிட்டார்.

ஆபத்து நேரத்தில் அமைதியாக இருப்பவன் அப்போது என்ன செய்தான்? வழி தெரிந்துவிட்டது. உறையைக் கழற்றினால் போதும். ஆனால் நாளைக்குப் போகிற மனுசியிடம், நீங்கள் தைத்துத் தந்ததுதான் பிழை என்று எந்த வாயால் சொல்வது? கழற்றாவிட்டால் பாலம் இல்லை. நான் மின்விசிறியை இரண்டு அங்குலம் இடப்பக்கம் நகர்த்தினேன். பிறகு வலப்பக்கம் நகர்த்தினேன். ஜன்னலைத் திறந்தேன். அது ஏற்கெனவே திறந்திருந்ததால் மூடிவிட்டுத் திறந்தேன்.

"டேய்" என்றார் ராத்தா.

"இந்தா, இப்ப சரியாகும் ராத்தா. கரண்ட் கொஞ்சம் பலம் இல்லப் போல."

"டேய், இஞ்ச வா." அவருடைய உள்ளங்கை இன்னும் வெல்வெட்டின்மேல் இருந்தது. பிறகு பொத்தான் ஒன்றை நெகிழ்த்தி விரலை உள்ளே விட்டார். "இதுக்குக் காய்ச்சலடா! சுடுது! பிள்ளைக்குப் போர்வைய மூக்குக்கு மேலால போத்தி வச்சிரிக்கிறாய்."

நான் மறுபடி மின்விசிறிப் பக்கம் குனிந்தேன்.

"அவர் போன்ல என்ன கேட்டார்?"

"உற போட்டிரிக்கா எண்டு."

"நீ என்ன சொன்னாய்?"

"இல்ல எண்டு."

மச்சான் தொடையில் அடித்துச் சிரித்தார். "வைத்தியர்ட்டப் போய் வருத்தத்த ஒளிச்ச ஆள இண்டைக்குத்தான் காணுறன்!"

"ஏன்டா சொல்லல்ல?"

"நீங்க கோவிப்பீங்க எண்டு."

"நான் உன்னோட கோவிச்சு எத்தின நாள் இருந்திரிக்கிறன்? ஒரு சோறு தின்னுற நேரம் இருந்திரிப்பனா?" சொல்லிக்கொண்டே பொத்தான்களை டக், டக், டக்கென்று கழற்றினார். வயர்கள் போகும் கீறு போதாமல் வெல்வெட் சிக்கிக்கொண்டது. ராத்தா கைப்பையைத் திறந்து, எப்போதும் அதில் கிடக்கும் சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார்.

"வேணாம் ராத்தா, வெட்டாதீங்க!"

"நான் தச்சது. நான் வெட்டுறன். நீ தள்ளு."

ஒரே வெட்டு. லேஸ் இரண்டானது. உள்ளிருந்து வந்த வெக்கை என் முகத்தில் அடித்தது. பாண் சுடும் போறணையைத் திறந்ததுபோல் இருந்தது.

அது ஆறும்வரை பெட்டியை நிறுத்திவைத்தோம். மனைவி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். மச்சான் குசினியிலிருந்து சுளகை எடுத்துவந்து பெட்டிக்கு விசிறினார். "இந்தக் கலிசான்காரனுக்கு நான் விசிறி வீச வேண்டிய காலமும் வந்திட்டுது" என்றார். மனைவி என் பக்கம் திரும்பாமலே, "என்ட வட்டிலாப்ப வீடியோவும் அந்த உறைக்குள்ளயா ஈக்கி?" என்று கேட்டாள். நான் தேத்தண்ணியை ஊதிக் குடிப்பதில் மும்முரமானேன்.

இந்த எமுலேட்டரில் பழைய பெட்டியில் இல்லாத ஒரு வசதி உண்டு. விட்ட இடத்தைச் சேமித்து வைத்து, பிறகு அதே இடத்திலிருந்து தொடரலாம். ஆடு கத்தியபோது பயத்தில் கண்ட கண்ட பொத்தானை அமுக்கியதில், அதையும் அமுக்கியிருக்கிறேன். என் பதற்றத்தால் இந்த உலகத்துக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான். பெட்டியைத் திரும்ப உயிர்ப்பித்ததும் ஆற்றங்கரையில், குதிப்பதற்கு முன்னால், கலிசான்காரன் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றான்.

"விட்ட இடத்திலயே நிக்கிறானே!" என்றார் ராத்தா. கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தார். "நல்ல வசதிதான்."

பிறகு ஓடினார். ஆறு போனது, பாறைகள் போயின. பத்து நிமிடம் தாண்டியும் பாட்டு இழுக்கவில்லை. நான் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாலம் வந்தபோது மறுபடி ஒரே ஓர் உயிர்தான் மிச்சம். மச்சான் எழும்பி வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டார்.

"நேரமாகுது. பாத்திரம் ஒண்டும் கட்டல்ல. வாங்க போவம்."

ராத்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருங்க, இந்தப் பாலத்தத் தாண்டிட்டு வாறன்."

என் கண் தானாகவே சுவரிலிருந்த பிளக்குக்குப் போனது. மச்சானும் அதைத்தான் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அந்தப் பிளக்குக்கு முன்னால் முதுகைக் கொடுத்து, கால் நீட்டி உட்கார்ந்தார்.

"தாண்டுங்க" என்றார். "இண்டைக்கு ஒருத்தரும் கழட்ட மாட்டாங்க."

ராத்தா தாண்டினார். கடைசிப் பலகை உடைந்து விழும்போது நாங்கள் நாலு பேரும் ஒன்றாகக் கத்தினோம். மறுகரையில் கலிசான்காரன் இரண்டு கையையும் தூக்கினான். பிழை பிழையான இங்கிலீஸில் ஒரு வரி வந்தது. பிறகு எல்லாம் மறைந்து, அவன் திரும்ப முதலாம் கட்டக் காட்டில் நின்றான்.

"இவ்வளவுதானா?" என்றார் ராத்தா. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குக் கண்ணீர் கொஞ்சம் முந்திவிட்டது.

போகும்போது வெட்டிய உறையைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வீடு ஒதுக்கிக் குடியேறி, தையல் மெசினைப் பூட்டி எடுக்க அவருக்கு மாதங்கள் பிடித்திருக்கும். ஒரு நாள் மன்னார் பஸ்ஸில் எனக்கு ஒரு பொதி வந்தது. அதே மெரூன் வெல்வெட். ஸ்பொஞ்சைக் காணோம். முதுகுப் பக்கம் முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு, காற்றுப் போகும் நுளம்பு வலைத் துணி வைத்துத் தைத்து, அந்த ஜன்னலைச் சுற்றியும் தங்க லேஸ் வைத்திருந்தார்.

மாட்டி, கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போன் எடுத்தேன்.

"காய்ச்சல் எப்பிடி?" என்றார் எடுத்த எடுப்பில்.

"பெட்டிக்கு இல்ல ராத்தா."

"அப்ப ஆருக்கு?"

நான் பதில் சொல்லத் தொடங்குமுன், "சரி, சரி, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இஞ்ச வா" என்றார். "வாறபோது அந்தக் கலிசான்காரனையும் கூட்டிக்கொண்டு வா. உன்ட மச்சான் ரகசியமா விளையாடிப் பழகோணுமாம்."