ஒரு வேளை மாத்திரைதானே என்றேன்

அப்பாவுக்கு மூன்று வருடமாகப் பார்க்கின்சன் நோய். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் என்பதால் மருந்துச் சீட்டெல்லாம் என் பொறுப்பு. நான் படித்தது என்னவோ பி.காம்.

போன பௌர்ணமியன்று கிரிவலத்துக்காகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து காலையிலேயே கிளம்பினோம். அப்பா மாத்திரையைத் தள்ளி வைத்தார். "விரதம்டா. மலைய சுத்தி முடிச்சிட்டுப் போட்டுக்கறேன்."

அம்மா என்னைப் பார்த்தார். "படிச்சவன் நீ சொல்லு, விடலாமா?"

"ஒரு வேளைதானேம்மா, ஒண்ணும் ஆவாது" என்றேன்.

கிரிவலப் பாதையில் செங்கம் சாலையைக் கடக்கும்போது நடுவில் அப்பா அப்படியே நின்றுவிட்டார். "காலு ஒட்டிக்கிச்சுடா, எடுக்க வரல."

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. பதறிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். முகம் குப்புற விழுந்தார். பஸ் ஒரு முழம் தள்ளி நின்றது. "பெருசை இப்படியா இழுப்ப?" என்று திட்டிய ஆட்டோக்காரர்தான் எங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

டாக்டர் விளக்கினார். "ஒரு நரம்புலேர்ந்து அடுத்த நரம்புக்குச் சேதி கொண்டு போற ரசாயனத்துல டோபமின்னு ஒண்ணு. இவர் மூளையில அது கம்மி. மாத்திரைதான் ஈடு கட்டுது. அது இல்லன்னா, நடன்னு மூளை நெனைச்சாலும் காலு கேக்காது. யாருங்க நிறுத்தச் சொன்னது?"

நான் வாய் திறப்பதற்குள், உதடு கிழிந்திருந்த அப்பா சொன்னார்: "நாந்தாங்க மறந்துட்டேன்."

இப்போது மாத்திரை நேரத்துக்குச் செல்போனில் அலாரம் வைத்திருக்கிறேன். மருந்தைப் பற்றி அம்மா எது கேட்டாலும், "எனக்குத் தெரியலம்மா, டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்" என்கிறேன்.